நீலத்துக்குக் கீழே

“நிப்பாட்டாதை தம்பி, விடு, விடு” என்றாள் பத்மாவதி.

முத்துக்குமாரு வேகத்தைக் குறைத்தது றோட்டில் கிடந்த பள்ளத்துக்காக. அந்த லாண்ட்மாஸ்ரர் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற இரண்டு சில்லு உழவு மெசின். பெற்றோல் டீசல் கண்ணால் காணாத இந்த இரண்டு வருசமாக மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிறது. பின்பெட்டிக்குள் சாக்கு விரித்து அவளுடைய புருசன் இராசநாயகத்தைக் கிடத்தியிருந்தார்கள். தலை அவள் மடியில். மாசிப் பனி விலகாத காலையில் அவருக்கு மட்டும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கால்கள் இரண்டும் சப்பாத்தோடு விட்டுவிட்டு உதறின, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவரைப்போல.

“அக்கா” என்று முத்துக்குமாரு திரும்பிப் பார்க்காமலே கத்தினான். “என்ரை பையுக்குள்ளை தேத்தண்ணிப் போத்தில் கிடக்கு. சீனி போட்டது. வாயை நனைச்சுப் பாப்பமோ?”

“உனக்கென்ன விசரோ? சீனி ஏறித்தானே மனுசன் இப்பிடிக் கிடக்குது. நஞ்சைக் குடுக்கச் சொல்லுறாய்.”

அவன் வேகத்தைக் கூட்டினான். தோட்டத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்த தேநீர், அதுவும் சீனி போட்டது, இந்தக் காலத்தில் ஒருவன் கேட்காமலே தருகிறேன் என்றால் அவன் மனம் எவ்வளவு பதறியிருக்கவேண்டும். அது பத்மாவதிக்கு அப்போது விளங்கவில்லை. துவாயால் புருசனின் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி வியர்த்தது.

இராசநாயகம் ஓடத் தொடங்கியதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் முழுக்க அடங்கவில்லை. சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து, சண்டையில் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வீட்டோடு கிடந்தவர் அவர். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, வயிறு சாரத்துக்கு மேலால் எட்டிப் பார்க்கும். சந்திக்கடைக்குப் போவதற்கே சைக்கிளைத் தேடுகிறவர் ஒருநாள் விடியப்புறம் களுசானும் பழைய வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் ஓடினால் நாய்களே முதலில் நம்பவில்லை, வீட்டுக்கு வீடு மாறி மாறித் துரத்தின. “ஆமி வரமுதலே கிளாக்கர் ஓடிப் பழகிறார்” என்றார்கள் சந்தியில்.

ஆனால் அவர் ஓடியது பகிடிக்கில்லை. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. தாய்க்கும் அதே வருத்தம்தான். கிழவி சீனி ஏறி மயங்கி, மயக்கம் தெளியாமலே போனதை இந்த வீட்டில் எல்லோரும் கண்டிருந்தார்கள். பாதை பூட்டி, மருந்துகள் வருவது நின்று, குளிசை அரைவாசியாகி, கால்வாசியாகி, ஒருநாள் இல்லாமலே போனது. “இனி நடவுங்கோ, ஏலுமெண்டால் ஓடுங்கோ, அதுதான் மருந்து” என்று டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் முழுக்கச் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து யோசித்துவிட்டு, “இஞ்சேரும், அம்மா மாதிரிப் போக எனக்கு விருப்பமில்லை” என்றார். அவ்வளவுதான்.

முதல்நாள் படலையில் இருந்து வைரவர் கோயில்வரை ஓடி, திரும்பி வரும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் பாதம் கொப்புளித்தது. பத்மாவதி நல்லெண்ணெய் பூசிக்கொண்டே, இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவர் விடவில்லை. கரண்ட் இல்லாமல் சும்மா நின்ற லைற் போஸ்ட்டுகள் அவருக்குத்தான் பயன்பட்டன. ஒரு போஸ்ட் ஓடுவார், ஒரு போஸ்ட் நடப்பார். பிறகு இரண்டு போஸ்ட் ஓடி ஒன்று நடந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பழக்கிய வாத்தியார் ஒருவர் அவருக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தார்: ஓடும்போது பக்கத்தில் வருகிறவனோடு மூச்சு முட்டாமல் கதைக்க முடியவேண்டும், முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் அவரோடு கதைத்துக்கொண்டு ஓட எந்த விசரன் வருவான்? அதனால் தேவாரம் பாடிக்கொண்டு ஓடினார். ஒரு தேவாரத்தை இடையில் அறுக்காமல் பாடி முடித்தால் சரியான வேகம். சுருதி எல்லாம் கேட்கக்கூடாது. சிவபெருமான் பொறுத்துக்கொண்டார், ஒழுங்கைச் சனம்தான் தலையணையால் காதைப் பொத்தியது.

நாள் செல்லச் செல்ல நடக்கிற போஸ்ட்டுகள் இல்லாமலே போயின. சந்திவரை, பிறகு அடுத்த ஊர்வரை. நாலைந்து மைல் தள்ளித் திருநெல்வேலியில் இருக்கிற தமக்கை மீனாம்பிகை வீட்டுக்கு ஒருநாள் ஓடிப்போய், கதவைத் தட்டி, அவள் முழிக்கிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வரவேண்டும் என்பது அவருடைய ஆசையாகிவிட்டது. வயிறு உள்ளுக்குப் போனது. கன்னம் ஒட்டினாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முதலில் வெட்கப்பட்டு வாசலுக்கு வராமல் இருந்த பத்மாவதி, பிறகு பிறகு படலையைத் திறந்து வைத்துக்கொண்டு, தேவாரச் சத்தம் எந்த மூலையில் கேட்கிறது என்று காது கொடுத்து நின்றாள்.

அவளுடைய வேலை குழாய். நீலக் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டு, அடுப்பில் கொதிக்கிற தண்ணீர்ப் பேணிக்குள் சோதனைக் குழாயை வைத்துப் பார்க்கவேண்டும். சீனி இருந்தால் நிறம் மாறும். முதலில் செங்கட்டி நிறம்தான் வந்தது. ஓட்டம் நீள நீள அது மஞ்சளாகியது, பிறகு பச்சை. ஒருநாள் கொதித்துக் கொதித்தும் மாறாமல் நீலமாகவே நின்றது. அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஆனாலும் மனுசனின் குணம் அவளுக்குத் தெரியும். தேநீருக்குக் கடிக்கிற பனங்கட்டி என்றால் உயிர். வீட்டில் இல்லாவிட்டால் அயலில் போய்ப் பல்லைக் காட்டிக் கேட்பார். ஆகவே ஒழுங்கை முழுக்க வீடுவீடாக ஏறி இறங்கினாள். “இவர் வந்து இனிப்புக் கேட்டால் ஒருத்தரும் குடுக்கப்படாது. நீங்கள் குடுக்கிறது இனிப்பில்லை, என்ரை தாலியை அறுக்கிறியள், சொல்லிப்போட்டன்” என்றாள். முன்வீட்டுக் கமலாவதியிடம் மட்டும் சத்தியம் வாங்கினாள், ஏனென்றால் கமலாவதிக்கு இளகின மனம்.

போன கிழமைதான் கொழும்பில் இருக்கிற மகள் ஒரு பொதி குளிசை அனுப்பியிருந்தாள். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒரு மனுசி பிள்ளைக்குரிய பால்மா ரின்னுக்குள் ஆமிக்குத் தெரியாமல் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்மாவதி அந்த ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று அழுதாள். அன்றே பழைய அளவில் குளிசையைத் தொடங்கினாள், காலையில் முழுசு, இரவில் முழுசு. “இப்ப நீலமாத்தானே இருக்கு, உது என்னத்துக்கு?” என்று அவர் கேட்டார். “கிடைக்கிறபோது போடுங்கோ, பேந்து எப்ப வருமோ” என்றாள். அவர் போட்டுக்கொண்டார். ஓடுகிறதை விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் வருத்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று இரண்டுபேருமே நம்பினார்கள்.

இன்று விடிய, குளிசையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் திருநெல்வேலிக்கு ஓடினார்.

திரும்பி வந்து ஒழுங்கைக்குள் இறங்கும்போது தேவாரம் கேட்கவில்லை. கமலாவதிதான் ஓடி வந்தாள். “அக்கா, அண்ணை எங்கடை படலையடியிலை மதகிலை இருக்கிறார். கை நடுங்குது. பனங்கட்டி தா, ஒரு துண்டு தா எண்டு கேட்டவர். நான் குடுக்கேல்லை. அக்கா என்னைக் கொன்றுபோடுவா எண்டு சிரிச்சனான். அண்ணை என்னைத் தூசணத்தாலை பேசிப்போட்டார், அக்கா” என்றாள். இராசநாயகம் ஒருவரையும் அப்படிப் பேசுகிறவரல்ல.

பத்மாவதி போனபோது அவர் மதகில் இருந்து சரிந்துகொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு என்னவோ சொன்னார், சொல் குழறியது. கிழவி மயங்கியது அவளுக்குக் கண்முன் வந்தது. வீட்டுக்கு ஓடி, ஒரு குளிசையை எடுத்துக் கரண்டியில் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கொண்டுவந்து, கமலாவதி தலையைப் பிடிக்க, வாய்க்குள் விட்டாள். அவர் விழுங்கிவிட்டார். அவர் இந்த உலகத்தில் விழுங்கின கடைசிச் சாமான் அதுதான்.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் நின்றாள், தூக்கம் காணாத கண்கள். மர வாங்கில் கிடத்தியதும் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே, “என்ன வருத்தம்? என்ன குளிசை?” என்று கேட்டாள். பத்மாவதி இடுப்பில் செருகி வந்த பொதியை எடுத்துக் கொடுத்தாள்.

“காலமை சாப்பிட்டவரோ?”

“இல்லை டொக்டர். வெறுவயித்திலைதான் ஓடுறவர். இண்டைக்குத் திருநெல்வேலி மட்டும் ஓடிப்போட்டு வந்தவர். குளிசை போட்டுட்டுத்தான் போனவர், நான் ஒண்டும் பிழை விடேல்லை. இனிப்பு வாயிலை வைக்கேல்லை, அயலுக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன். விழுந்த உடனை இன்னுமொரு குளிசையும் தேச்சுப் பருக்கினனான்.”

டொக்டரின் கை நின்றது. பத்மாவதியை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பித் தாதியைக் கூப்பிட்ட குரல் முதல் கேட்ட குரலாக இல்லை. பெரிய ஊசி ஒன்று வந்தது. நரம்பைத் தேடிப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றினார்கள்.

“உது என்ன மருந்து, டொக்டர்?”

“குளுக்கோஸ்.”

“சீனியோ?” பத்மாவதி பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தாள். “டொக்டர், அவருக்குச் சீனி வருத்தம் எண்டெல்லோ சொன்னனான்.”

டொக்டர் கையை உதறவில்லை. தாதி ஊசியைப் பிடித்துக்கொள்ள, இவள் பத்மாவதியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “அம்மா, இவருக்குச் சீனி ஏறேல்லை. இறங்கிப்போச்சு.”

“இறங்கினால் நல்லதுதானே?” என்றாள் பத்மாவதி.

முத்துக்குமாரு கதவடியில் தேத்தண்ணிப் போத்திலோடு நின்றான். சத்தம் போடாமல் வெளியே போய்விட்டான்.

சீனி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். ஏறினால் என்ன நடக்கும் என்று தெரியும். அது இறங்கியும் ஆளைக் கொல்லும் என்று இவ்வளவு வருசத்தில் ஒரு வாய் அவளுக்குச் சொன்னதில்லை. “ஒவ்வொருநாளும் குழாயிலை பாக்கிறனான் டொக்டர். நீலம்தான் வந்தது. நேற்றும் நீலம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நீலம் எண்டால் சீனி கூடேல்லை எண்டு மட்டும்தான் அம்மா கருத்து. அதுக்குக் கீழை எவ்வளவு இறங்கினாலும் அது நீலமாத்தான் நிக்கும். அதுக்குக் கீழை நிறம் இல்லை.”

அவர் கண் முழிக்கவில்லை. இன்னும் ஏற்றினார்கள். கால் உதறுவது நின்றபோது பத்மாவதி நல்லகுறி என்று நினைத்தாள். வெயில் யன்னலால் வாங்குக்கு ஏறிய நேரம் மூச்சும் நின்றது. டொக்டர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, துணியை இழுத்து நெஞ்சுவரை விட்டாள், முகத்தை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

பத்மாவதி அழவில்லை. “டொக்டர், விழுந்த இடத்திலை என்ன குடுத்திருக்கவேணும்?”

“இனி அது என்னத்துக்கு அம்மா.”

“சொல்லுங்கோ.”

டொக்டர் நிலத்தைப் பார்த்தாள். “இனிப்பு. கையிலை கிடைக்கிற எதெண்டாலும். ஒரு துண்டுப் பனங்கட்டி எண்டாலும் போதும்.”

வந்த லாண்ட்மாஸ்ரரிலேயே திரும்பி வந்தார்கள். முத்துக்குமாரு இந்தமுறை பள்ளமில்லாத இடத்திலும் மெதுவாகவே ஓட்டினான். பத்மாவதி பெட்டிக்குள் இருந்து ஒவ்வொரு லைற் போஸ்ட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வயிறு எரிந்தது. எரிகிற இடத்தைக் கையால் அமத்தினால் அடங்குமா என்று அமத்திப் பார்த்தாள். கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்ன சொல்லிக் கத்துவது? மகளுக்கு என்ன சொல்வது? நீ அனுப்பின குளிசை வந்து சேர்ந்தது என்றா?

செத்தவீடு தொடங்கிவிட்டது. வளவுக்குள் வாங்குகள் வந்தன, வாசலில் வாழைக்குலை கட்டினார்கள். இராசநாயகத்தைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விறாந்தைக்கு அடுத்த அறையில் தெற்கே தலை வைத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். ஓடி ஓடி இறுகிய உடம்பு. “நல்லாய்த்தானே வந்தவர்” என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஈ மொய்க்காமல் பத்மாவதி தலைமாட்டில் இருந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். அடுத்தநாள் காலையில் எடுப்பதென்று முடிவாகியது.

பின்னேரம் மீனாம்பிகை வந்தாள். படலையில் சைக்கிளால் இறங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தவள், கட்டிலடியில் விழுந்து, பத்மாவதியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒப்பாரி வெறும் அழுகை அல்ல, அதற்குள் வழக்கும் இருக்கும். நேரே கேட்கமுடியாததை எல்லாம் பிரேதத்தைப் பார்த்துக் கேட்கலாம். காலையில் என் வாசலுக்கு மாப்பிள்ளைபோல வந்தாயே தம்பி, தேத்தண்ணி நீட்டினேனே, பத்மா கண்டுபிடித்துவிடுவாள் அக்கா என்று சிரித்தாயே, ஒரு மிடறும் குடியாமல் திரும்பி ஓடினாயே, என் கையால் குடிக்காத நீ எந்தப் படுபாவி கையால் இனிப்பு வாங்கித் தின்று இப்படிக் கிடக்கிறாய் என்று அழுதாள்.

அறைக்குள் இருந்த பெண்களின் கண்கள் மெல்லக் கமலாவதியிடம் போயின. அவர் கடைசியாக இருந்தது அவளுடைய படலையடியில் என்று ஊருக்கே தெரியும்.

மீனாம்பிகை அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்தாள். இப்போது நேரே கேட்டாள். “நீதானே பிள்ளை முன்வீடு? என்ன குடுத்தனி?”

“நான் ஒண்டும் குடுக்கேல்லை, அக்கா.”

“சும்மா சொல்லாதை. நல்லாய் ஓடி வந்தவன் சும்மா விழுந்தவனோ? கேட்டிருப்பான், நீயும் பாவம் பாத்துக் குடுத்திருப்பாய்.”

“கேட்டவர். கையை நீட்டிக் கேட்டவர். வீட்டுக்குள்ளை ஒரு ஓலைக்குட்டான் நிறையப் பனங்கட்டி கிடந்தது. என்ரை பிள்ளையளாணை நான் குடுக்கேல்லை.” கமலாவதி பிரேதத்தையும் பார்த்தாள், சுற்றியிருந்த முகங்களையும் பார்த்தாள். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. எழும்பி வந்து பத்மாவதியின் காலடியில் இருந்தாள். “அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நான் குடுத்தனானோ?”

விசிறி நின்றது.

உண்மையை முழுசாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று பத்மாவதிக்குத் தெரிந்தது. கொடுத்திருந்தால் இந்த மனுசன் இப்போது சாய்மனைக் கதிரையில் இருந்து தன் ஓட்டத்தின் பெருமையை அளந்துகொண்டிருப்பார். அதைச் சொன்னால் கமலாவதி தன் குட்டானைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீட்டிய கையைக் காண்பாள். சொன்னால் தன்னுடைய கரண்டியும் குளிசையும் வெளியே வரும். மீனாம்பிகை இன்னொரு ஒப்பாரி தொடங்குவாள், அது கொழும்புவரை கேட்கும். கமலாவதிக்காக வாயை மூடுகிறாளா தனக்காக மூடுகிறாளா என்று அந்த நேரத்தில் அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. ஒருதரம் சொல்லிவிட்டால் இந்த எரிவில் பாதி இன்னொருத்தியிடம் போய்விடும் என்ற ஆசையும் வந்தது. அந்த ஆசைக்கு அவள் பயந்தாள்.

“மச்சாள், அவளைப் பேசாதையுங்கோ” என்றாள். “அவள் குடுக்கேல்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினவள்.”

“அப்ப என்னெண்டு?”

“ஓடினது கூடிப்போச்சாம். டொக்டர் சொன்னவ.”

மீனாம்பிகை கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். பிறகு தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, “என்னைப் பாக்கவெண்டெல்லே ஓடி வந்தனி” என்று, இந்தமுறை வழக்கொன்றும் இல்லாமல் அழுதாள்.

கமலாவதிக்கு உயிர் வந்தது. பத்மாவதியின் பக்கத்தில் பாயில் இருந்துகொண்டு, புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் முதலில் இருந்து சொன்னாள். அண்ணை எப்படி வந்தார், எப்படிக் கையை நீட்டினார், பேச்சுக்கூட வாங்கினேன், ஆனாலும் குடுக்கவில்லை, அக்காவைக் கேளுங்கோ. கேட்டவர்கள் பத்மாவதியைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு தடவையும், “ஓம், குடுக்கேல்லை” என்றாள்.

“நல்ல பிள்ளை. நானெண்டால் மனம் கேக்காமல் குடுத்திருப்பன்” என்றாள் வந்த ஒரு கிழவி.

பொழுது சாய்ந்து பெண்கள் கலையத் தொடங்கியபோது கமலாவதிக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. காலை முதல் அவளும் ஒன்றும் தின்னவில்லை. “மீனாம்பிகையக்கா அப்பிடிக் கேக்க எனக்கு ஈரல்குலை நடுங்கிப்போச்சு” என்று மெதுவாகச் சொன்னாள். “நீங்கள் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு இனி ஒருநாளும் நித்திரை வந்திராது, அக்கா.”

“கொஞ்சம் சரிஞ்சு படு. நான் இருக்கிறன்தானே” என்றாள் பத்மாவதி.

கமலாவதி அந்தப் பாயிலேயே, கட்டிலின் காலடியில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சரிந்தாள். சரிந்த கொஞ்ச நேரத்திலேயே வாய் திறந்து நித்திரையாகிவிட்டாள். பத்மாவதி மறுபடி விசிறியை எடுத்தாள். கட்டிலில் கிடந்தவருக்கு வீசினாள். கமலாவதியின் நெற்றியில் ஒரு ஈ வந்து இருந்தது. பத்மாவதி சற்றுத் தள்ளி இருந்து, காற்று இரண்டு பேருக்கும் படுகிறமாதிரி விசிறியை அகல வீசத் தொடங்கினாள்.